எட்டுக்கு நாலு பலகையில் ரயில்: வட்டமா, யார்டா?

கேள்வி, 2023 நவம்பர் 11

சென்னையில் வாடகை ஃபிளாட். பத்துக்கு ஒன்பது அறை ஒன்று பாதி காலியாக இருக்கிறது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் வாங்கி ஹெச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயிலுக்கு ஒரு வட்டப்பாதை, ஒரு சுரங்கம், ஒரு ஸ்டேஷன் போடலாம் என்று நினைக்கிறேன். வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வீட்டில் யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

2023 நவம்பர் 11, இரவு 10.40

வேண்டாம் சார். நான் அதைத்தான் செய்தேன், பத்து நாளில் அலுத்துவிட்டது.

பலகையை முதலில் அறைக்குள் வைத்துப் பாருங்கள். நாலடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் கை எட்டாது. சுரங்கத்தை எல்லாரும் பின்பக்கம்தான் வைப்பார்கள், வண்டி தடம் புரள்வதும் அங்கேதான். சுவரை விட்டுத் தள்ளிப் போட்டால் சுற்றி நடக்க இடம் வேண்டும், அப்புறம் உங்கள் அறையில் கட்டில் கிடையாது. நாலடிக்குள் அடங்க வேண்டுமானால் வளைவின் ஆரம் 18 அங்குலம், மிஞ்சிப்போனால் 22. அந்த வளைவில் நீளமான பயணிகள் பெட்டி போகும்போது நடுப்பாகம் உள்ளே இழுத்துக்கொண்டு, முனை வெளியே நீட்டிக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருக்கும்.

2023 நவம்பர் 12, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மாற்று சொல்லவில்லை.

ஒரு அடி அகலம், ஐந்தடி நீளம் போதும். புத்தக அலமாரி மேல் வைக்கலாம். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உண்டாக்கிய இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற அமைப்பு இது, வேகன்களைப் பிரித்துக் கோக்கிற குட்டி யார்டு. இரண்டு பாயிண்ட் (பாதை பிரிகிற இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்துகிற கிளைப்பாதை). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. என்ஜின் முன்னும் பின்னும் போய்வருகிற தலைப்பு லைனில் என்ஜினும் மூன்று வேகனும் மட்டும் கொள்ளும், அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட இருக்கக் கூடாது. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஐந்தை எடுக்க வேண்டும், வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் கோத்து வண்டியாக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. எட்டு வேகனில் 40,320 வரிசை வரும், ஆயுசுக்கும் போதும்.

என் கணக்கு: வேகன் கப்ளிங்கோடு (கோக்கிற கொக்கி) 9 செ.மீ., என்ஜின் 18 செ.மீ. தலைப்பு லைன் 45, ஐந்து வேகன் சைடிங் 45, இரண்டு பாயிண்டும் இடைவெளியும் சேர்த்து 50 வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டருக்குள் முடிந்தது.

2023 நவம்பர் 12, மதியம்

கணக்கு தப்பு என்று ஒருவர் பிடித்துவிட்டார். சரிதான். எட்டையும் வரிசைப்படுத்தினால்தான் 40,320. நமக்கு வேண்டியது எட்டில் ஐந்து, ஆகவே எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நாலு, பெருக்கினால் 6,720. தினம் ஒன்று போட்டால் பதினெட்டு வருஷம் வரும். ஆயுசுக்கும் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

2023 நவம்பர் 15

"யார்டு என்றால் வண்டி ஓடாதே, என்ன சுகம்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இதற்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல முடியும்.

அப்பா மீட்டர் கேஜ் காலத்தில் பாயிண்ட்ஸ்மேன். இப்போது எண்பதை நெருங்குகிறார், மொட்டைமாடிக்கு ஏறுவதே அபூர்வம். என் முதல் வட்டத்தைப் போட்டு முடித்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்தேன். வண்டி சுற்றியது. மூன்று சுற்றுப் பார்த்தார். "ஏல, இது என்ன ராட்டினமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அன்றைக்கு ராத்திரி நானும் உட்கார்ந்து பார்த்தேன், நாலாவது சுற்றில் கை தானாக மொபைலை எடுத்தது.

யார்டு போட்ட பிறகு இன்னொரு தடவை கூட்டி வந்தேன். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் தொடவே மாட்டேன் என்றார். "நான் டிரைவர் இல்ல." சரி என்று நான் ஓட்டினேன். ஏழாம் நம்பர் வேகனைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவருடைய வலது கை நெஞ்சுயரத்துக்கு எழுந்து மெதுவாக மேலும் கீழும் அசைந்தது. வேகன் நெருங்க நெருங்க அசைவு சின்னதாகிக்கொண்டே வந்து, கப்ளிங் இடிப்பதற்கு ஒரு விரல்கடை முன்னால் இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டது. நான் நிறுத்தவில்லை, சிக்னலைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகன் இடித்துப் பின்னால் இருந்த இரண்டும் பலகையை விட்டு விழுந்தன. "இதுக்குத்தான் சொல்றது" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்துதான் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள்.

2023 நவம்பர் 16

யார்டைப் பார்த்த அன்றைக்கே அப்பா கண்டுபிடித்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இங்கே யாராவது பிடிப்பதற்குள். "இது மீட்டர் கேஜ் இல்ல போலயே."

உண்மைதான். ஹெச்.ஓ. என்றால் 87-இல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கிற பாதை 16.5 மி.மீ., அது வெளிநாட்டு 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1,676 மி.மீ., 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். மீட்டர் கேஜுக்கு 11.5 வரும். ஆக நம் ஊர் ரயிலை ஹெச்.ஓ.வில் செய்கிறவன் எந்தப் பக்கம் போனாலும் பொய்தான் சொல்ல வேண்டும். அகலப்பாதை என்றால் தண்டவாளம் நெருக்கமாக இருக்கும், மீட்டர் கேஜ் என்றால் அகன்றிருக்கும். மீட்டர் கேஜுக்குச் சரியாக வருகிற 12 மி.மீ. பாதை இருக்கிறது, ஆனால் அதற்கு என்ஜின் அடிச்சட்டம் தேடித் தேடி அலுத்து, 16.5 மி.மீ. பாதையிலேயே ஒய்.டி.எம். 4 என்ற மீட்டர் கேஜ் டீசல் என்ஜினின் உடம்பை அட்டையிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் செய்து மாட்டிவிட்டேன். பக்கவாட்டில் கண் மட்டத்தில் பார்த்தால் தெரியாது. அதனால்தான் என் பலகை நெஞ்சுயரத்தில் இருக்கிறது. அப்பா என்னை விட ஒரு சாண் உயரம், அவருக்குத் தெரிந்துவிட்டது.

2023 நவம்பர் 26

ஜல்லி பற்றிக் கேட்டவருக்கு. பாக்கெட்டில் விற்கிற ஜல்லி தேவையே இல்லை. நிஜ ரயில் பாதையில் கிடக்கிற கல் ஐந்து செ.மீ. என்று வைத்தால் நமக்கு அரை மி.மீ.க்குச் சற்று மேல். வீடு கட்டுகிற இடத்தில் ஒரு சொம்பு எம்-சாண்ட் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்தால் வடிகட்டியைத் தாண்டி விழுவது கிட்டத்தட்ட அந்த அளவு. தூசியை மட்டும் இன்னொரு தடவை மெல்லிய துணியில் சலித்துத் தள்ளிவிடுங்கள். பாதையில் பரப்பி, ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு மூன்று பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாக. அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் பசைத் தண்ணீர் முத்து முத்தாக ஜல்லி மேல் நிற்கும், உள்ளே இறங்காது.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் கறுப்பு மணல் கலந்திருக்கும், அதில் காந்தத்தில் ஒட்டுகிற தாதும் உண்டு. என்ஜின் மோட்டாருக்குள்ளும் காந்தம்தானே இருக்கிறது, ஒரு வாரத்தில் உறிஞ்சிவிடும். எந்த மணலானாலும் முதலில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி அதன் மேல் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 24

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. டிசம்பர் 17, 18 மழையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் பாளையங்கோட்டையில் மேட்டுப்பக்கம், வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் மொட்டைமாடி அறையின் கூரை ஒரு மூலையில் ஒழுகி, சரியாக மூன்றாவது சைடிங் மேல் ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது.

காய்ந்த பசை தண்ணீர் பட்டால் மறுபடி இளகும் என்பது எனக்குப் புத்தியில் இருந்தது, கையில் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஜல்லி பால்சோறு மாதிரி வெள்ளையாகக் குழைந்து பலகை ஓரமாக வழிந்து கிடக்கிறது, தண்டவாளமும் கட்டையும் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன. அதே நாள் டிவியில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு மாட்டிக்கொண்டதையும், அடியில் ஜல்லி அரித்துப் போய் நிஜத் தண்டவாளம் தொங்குவதையும் காட்டினார்கள். அப்பா டிவி முன்னால் இருந்து எழவே இல்லை. என் யார்டைப் பற்றி அன்று வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மாடி அறையில் போடுகிறவர்கள் முதலில் கூரையைப் பாருங்கள், ரயிலை அப்புறம் பார்க்கலாம்.

2024 ஜனவரி 20

மின்சாரம். பாதையின் ஒரு முனையில் மட்டும் இரண்டு ஒயர் கொடுத்துவிட்டு இணைப்புத் தகடுகளை நம்பினால் ஆறு மாதம் ஓடும். அப்புறம் தூரத்து சைடிங்கில் என்ஜின் இரண்டு அடி வைத்து நிற்கும், மறுபடி இரண்டு அடி வைக்கும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்குகிற 1.5 சதுர மி.மீ. ஒயரைச் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்றாகப் பலகைக்கு அடியில் நீளத்துக்கும் இழுங்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய ஒயரைக் கீழே இறக்கி அதில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். ஒன்றுகூட விடாதீர்கள். நான் ஒன்றை விட்டேன், எந்தத் துண்டு என்று தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சோதிக்க ஒரு ரூபாய்க் காசு போதும். ஷார்ட் ஆனால் தானாக அணைகிற கன்ட்ரோலராக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். பாதையில் அங்கங்கே இரண்டு தண்டவாளத்தையும் தொடுகிற மாதிரி காசைக் குறுக்கே வையுங்கள், வைத்தவுடன் கன்ட்ரோலர் அணைய வேண்டும். எங்காவது அணையாமல் முனகினால் அந்த இடத்தில் ஒயர் போதவில்லை.

2024 பிப்ரவரி 3

பல்லி. இதை எந்த வெளிநாட்டு வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். சுரங்கம் வைத்தால் பல்லி முட்டையிடும், எறும்பு புற்று வைக்கும், பல்லி எச்சம் தண்டவாளத்தில் காய்ந்தால் அந்த இடத்தில் மின்சாரம் போகாது. தண்டவாளம் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முதல் வருஷம் நான் தேய்த்தேன், பளபளவென்று ஆனது. அந்தக் கீறல்களில் அழுக்கு ஏறி உட்கார்ந்து, இன்றைக்கும் அந்தப் பகுதியை மட்டும் வாரம் இரண்டு தடவை துடைக்க வேண்டியிருக்கிறது.

2024 மார்ச் 10

ஐந்தடி போதும் என்று இவ்வளவு பேசிவிட்டு பத்தடி ஆக்கிவிட்டேன். சிரிக்காதீர்கள். யார்டை விட்டு வண்டி கிளம்பி எங்காவது போக வேண்டாமா என்று தோன்றிவிட்டது. சுவரோரமாகவே இன்னும் ஐந்தடி நீட்டி, அந்தக் கோடியில் ஒரு சின்ன ஸ்டேஷன். கைகாட்டி ஒன்று, பிளாட்பாரம் ஒன்று, பனைமரம் ஏழு.

பனைமரத்தில் ஒரு பாடம். தண்டுக்கு விளக்குமாற்று ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி, ஓலைக்கு காகிதத்தை விசிறியாக வெட்டி, பத்து செ.மீ. உயரத்தில் செய்து நட்டேன், அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் வேகனை வைத்துப் பார்த்தால் மரம் குட்டையாக, ஏதோ குரோட்டன்ஸ் செடி மாதிரி. அறுபது அடிப் பனையை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 21 செ.மீ. வரும். ஏழையும் பிடுங்கிவிட்டு மறுபடி செய்தேன். இப்போதுதான் அது எங்கள் ஊர்.

2024 ஏப்ரல் 28

சித்திரை வெயிலில் பாதை கோணிக்கொண்டது. மதியம் இரண்டு மணிக்கு அறைக் கதவைத் திறந்தால் புது நீட்சியின் நடுவில் தண்டவாளம் பாம்பு மாதிரி வளைந்து, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் விலகியிருக்கிறது.

காரணம் நான்தான். மின்சாரம் நன்றாகப் போகட்டும் என்று எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து ஒரே துண்டாக்கிவிட்டேன். மூன்று மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் இருபது டிகிரி சூடேறினால் ஒரு மி.மீ. நீளும். ஒரு மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு முனையும் அசையாமல் இருந்து, அந்த ஒரு மி.மீ. முழுவதும் ஒரே இடத்தில் வெளிப்பட்டால், பக்கவாட்டில் ஒரு விரல் அகலத்துக்கு வளைந்தே ஆக வேண்டும். அப்பாவிடம் சொன்னால் "இடைவெளி விடலையா?" என்று ஒரே வார்த்தை. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டு மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன். இணைப்பில் ஈயம் வேண்டாம், ஒவ்வொரு துண்டுக்கும்தான் ஒயர் இறக்கியிருக்கிறோமே.

2024 மே 2

வெயிலை மட்டும் குற்றம் சொன்னது அவசரம். மரமும் சுருங்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார், போய்க் குனிந்து பார்த்தேன். நீட்சிக்கான சட்டத்தைப் பேக்கிங் பெட்டிப் பைன் கட்டையில் அடித்திருந்தேன், வாங்கும்போதே ஈரமாகத்தான் இருந்தது. இப்போது மூட்டுகளில் நகம் நுழைகிற இடைவெளி. மரம் ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே நீட்சியின் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மி.மீ., வெயில் கொடுத்ததை விட ஒன்றரை மடங்கு. பழைய ஐந்தடிப் பகுதி பிளைவுட்டிலேயே வெட்டிய சட்டம், அதே அறை, அதே வெயில், ஒன்றும் ஆகவில்லை. ஆக மரம் பாதிக்கு மேல் குற்றவாளி, நான் மீதி.

2024 ஜூலை 14

டி.சி.சி. (ஒவ்வொரு என்ஜினையும் அதன் நம்பரைச் சொல்லித் தனியாக ஓட்டுகிற டிஜிட்டல் முறை) வேண்டுமா என்ற கேள்வி நாலாவது தடவை. ஒரே என்ஜின், சின்ன யார்டு என்றால் வேண்டாம், சாதா 12 வோல்ட் போதும். நான் மாறினேன், காரணம் சத்தம்தான், ஒய்.டி.எம். 4 சும்மா நிற்கும்போது போடுகிற அந்த லொடக் லொடக். மாறிய அன்றே இரண்டாவது என்ஜினும் வந்தது. என்ஜினுக்குள் இருந்து அந்தக் கட்டளையை வாங்குகிற டீகோடர் புதுசாக வரும்போது மூன்றாம் நம்பரில்தான் வரும், நம்பரை வைத்திருக்கிற சி.வி. 1 என்ற அமைப்பை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன், படித்ததோடு சரி. யார்டில் இருந்த என்ஜினை நகர்த்தினால், கோடி ஸ்டேஷனில் நின்றிருந்த புதுசும் மூன்றாம் நம்பராயிற்றே, அதுவும் கிளம்பி, முட்டுக்கட்டை இல்லாத லைன் முனையைத் தாண்டித் தரையில் விழுந்தது. முன்பக்கக் கைப்பிடிக் கம்பி இரண்டும் போச்சு. அன்று மாலையே முட்டுக்கட்டை வைத்தேன்.

தடம் புரள்வதைப் பற்றி ஒன்று. தொண்ணூறு சதவீதம் வேகனின் எடைக்குறைவுதான் (இந்தத் தொண்ணூறு என் அனுபவம், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை). அமெரிக்க என்.எம்.ஆர்.ஏ. சங்கத்தின் பரிந்துரை ஹெச்.ஓ. வண்டிக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். மூன்று அங்குல வேகன் என்றால் இரண்டரை அவுன்ஸ், சுமார் 70 கிராம். நான் செய்த அட்டை வேகன் 22 கிராம் இருந்தது. தூண்டிலுக்குப் போடுகிற ஈயக்குண்டை உள்ளே ஒட்டினேன், அதற்கப்புறம் பாயிண்டில் குதிப்பதில்லை.

2024 செப்டம்பர் 8

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான், ஒன்பது வயசு. "மாமா, இது ஏன் திரும்பி வர மாட்டேங்குது?" யார்டின் பெருமையைப் பத்து நிமிஷம் விளக்கினேன். "அது சரி, ஏன் சுத்தி வர மாட்டேங்குது?"

ஆக, இந்த இழையில் முதல் நாள் "வேண்டாம்" என்று எழுதியவன் இப்போது கதவுக்குக் குறுக்கே தூக்கி மாட்டுகிற ஒரு பலகையும், அறையைச் சுற்றி நாலு அங்குல அகலத்தில் ஒற்றை லைனும் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம் 36 அங்குலம் வருகிறது, பெட்டிகள் அழகாகத் திரும்புகின்றன. நாலடிப் பலகையில் வட்டம் போடாதீர்கள் என்பதில் இன்னும் மாற்றமில்லை. வட்டமே வேண்டாம் என்றதைத்தான் வாபஸ் வாங்குகிறேன். நடுவில் நின்றுகொண்டு வண்டி நம்மைச் சுற்றி வரும்போது அது ராட்டினமாகத் தெரியவில்லை, யார்டுக்குள் கூட்ஸ் வண்டி கோத்துக்கொண்டிருக்கையில் பாசஞ்சர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒற்றை லைனில் இரண்டு வண்டி விடுவதால் அப்பா டோக்கன் வைக்கச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் பிரம்பு வளையத்தின் தோல்பையில் குண்டு போட்டு டிரைவரிடம் கொடுப்பார்கள், குண்டு கையில் இல்லாமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பக் கூடாது. எங்கள் வீட்டில் அது பச்சைக் கோலிக்குண்டு. மருமகன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே ஊருக்குப் போய்விட்டான். முறைப்படி ரயில் சேவை ரத்து.

2024 செப்டம்பர் 22

முதலில் கேட்டவர் பத்து மாதம் கழித்து வந்து, ஐந்தடிப் பலகை போட்டு ஆறு வேகனும் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது சார். மீதி இரண்டு வேகன் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு ஐந்தை வைத்து ஆடுங்கள். மூன்று சைடிங்கையும் மூன்று, இரண்டு, இரண்டு என்று வையுங்கள், தலைப்பு லைனில் என்ஜினோடு இரண்டு வேகன், குலுக்கலில் மூன்று எடுத்தால் 60 வரிசை வரும். கப்ளிங் பிரிக்க மூங்கில் குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி, இரண்டுக்கும் நடுவில் விட்டு லேசாகத் திருகினால் போதும், வேகனைத் தூக்காதீர்கள்.

இன்றைக்கு அப்பா சொம்பில் குலுக்கி எடுத்தது: 4, 8, 1, 6, 3. நாலாம் நம்பர் மூன்றாவது சைடிங்கில் கடைக்கோடியில் கிடக்கிறது, அதற்கு முன்னால் ஏழும் இரண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கிவிட்டார், நான் போகிறேன்.